அண்டை நாட்டு வண்டியும் நம் வாயிற்படியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் சென்ற ஆண்டுகளில் அறிஞர் பலர் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். அவர்கள் நின்ற இடத்தில் இன்று என்னை நிறுத்தியிருக்கின்றீர்கள். நான் புலவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தந்தையார் பணியில் இருக்கும்போதே மறைந்தமையால் இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். "எதைப் பற்றிப் பேசுவது?" என்று செயலாளர் அவர்களைக் கேட்டேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும், தெரியாததைப் பேசுவோர் நாட்டில் ஏராளம்" என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே. மூட்டையின்மேல் எழுதியிருப்பதும் கையிலுள்ள சீட்டில் எழுதியிருப்பதும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் அலுவலகத்தில் நான் செய்து வருவது அதுதான். ஆகவே அதைப் பற்றியே பேசுகின்றேன். ஆனால் மூட்டைக்குப் பதிலாக மோட்டார் வண்டியை எடுத்துக்கொள்கின்றேன். அண்டை நாட்டிலிருந்து வந்த காரை நம் நாட்டில் பதிவு செய்வது எவ்வாறு என்பதே இன்றைய பொருள்.

இதைக் கேட்டதும் சிலர் சிரிக்கின்றீர்கள். "இருசக்கர வண்டிக்கு மாதத் தவணை கட்டவே திணறும் நம் காலனியில் வெளிநாட்டுக் கார் வாங்குவோர் யார்?" என்று கேட்கத் தோன்றும். 2025ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த வண்டி நம் தெருவுக்கே வந்த பிறகுதான் என் எண்ணம் மாறிற்று.

நம் காலனியில் எதிர் வரிசையில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், எனக்குத் தம்பி முறையாகப் பழகுபவர், ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் பெருமகிழ்ச்சி. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஜப்பானில் செய்யப்பட்ட பெரிய ஜீப்பு வகை வண்டி. நம் சந்தையில் அத்தகைய வண்டியின் விலையைக் கேட்டாலே நமக்கு மயக்கம் வரும். இதுவோ ஆறு இலட்சம் ரூபாய்! "இராணுவத்தில் கழித்த வண்டி அண்ணா, ஏலத்தில் எடுத்தது, ஆர்.சி. புத்தகம் சுத்தம், ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு இலட்சம் கடன் எடுக்கின்றேன், நீங்கள் வந்து வண்டியையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தம் மூத்த மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த தொகை. "வண்டியைச் சுற்றுலாவுக்கு விட்டால் ஈராண்டில் இரட்டிப்பாகும்" என்று தரகர் கூறியிருந்தாராம்.

அன்பர்களே! ஓர் எழுத்தரின் கண் எத்தகையது என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். மாற்றலாகிச் செல்வோர் தம் மோட்டார் சைக்கிளை இரயிலில் அனுப்ப எங்களிடம் கொண்டு வருவர். பெட்ரோலை வடித்து, சாக்கைச் சுற்றித் தைத்து, பதிவுச் சான்றிதழின் நகலையும் அடையாள அட்டையின் நகலையும் கொடுத்தால்தான் நாங்கள் ரசீது எழுதுவோம். நாள்தோறும் அந்தச் சான்றிதழ்களைப் பார்த்துப் பார்த்து, அரிசியில் கல் பொறுக்கும் தாய்மார்களின் கண்போல எங்கள் கண்ணும் பழகிவிடுகின்றது.

மறுநாள் நண்பருடன் சென்று வண்டியைப் பார்த்தேன். புதிதாக வர்ணம் அடித்து மணப்பெண்போல் நின்றது. ஆனால் சீட்டும் மூட்டையும் ஒத்துப்போகவில்லை. சான்றிதழில் இமயமலைப் பக்கத்து மாநிலம் ஒன்றின் எண் இருந்தது. வண்டி செய்யப்பட்ட ஆண்டுக்கும் முதன்முதல் பதிவான ஆண்டுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் வண்டி எங்கே இருந்தது? இராணுவ வண்டியென்றால் ஏலத்தில் விற்றதற்கான சான்று எங்கே? சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்கள் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகப் பதிந்திருந்தது ஏன்? கதவின் உட்புறத்தில், வர்ணம் பூசியவர் கவனியாது விட்ட ஒரு சிறு ஒட்டுச்சீட்டு இருந்தது. அதிலிருந்த எழுத்து தமிழும் அன்று, கன்னடமும் அன்று, தேவநாகரியும் அன்று. எங்கள் அலுவலகத்திற்கு எத்தனையோ மொழிகளில் எழுதிய மூட்டைகள் வருவதுண்டு. அந்த எழுத்தை நான் அதுவரை கண்டதில்லை. தரகரைக் கேட்டேன். "ஆர்.சி. இருக்கிறதே ஐயா, பிறகென்ன?" என்றார்.

"பிறகென்ன?" என்னும் அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே என் பேச்சின் நோக்கம்.

வண்டிக்கு எண் எழுதும் வழக்கம் 1893ஆம் ஆண்டில் பாரிஸ் நகரக் காவல் துறையினர் பிறப்பித்த ஆணையில் தொடங்கிற்று. விபத்து செய்துவிட்டு ஓடுபவன் யாரென்று அறிய அது பயன்பட்டது. நம் நாட்டில் 1914இல் ஒரு மோட்டார் வண்டிச் சட்டமும், 1939இல் மற்றொன்றும், பின்னர் 1988இல் இப்போதுள்ள சட்டமும் வந்தன. இந்தக் கடைசிச் சட்டம் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கே.ஏ. என்றால் கர்நாடகம், டி.என். என்றால் தமிழ்நாடு என்று நாம் இன்று காணும் எழுத்து முறை அதனோடு வந்ததே.

பதிவுச் சான்றிதழ் என்பது, வண்டி இன்னாரிடம் இன்ன ஊரில் உள்ளது என்று அரசாங்கம் எழுதி வைக்கும் குறிப்பு. அவ்வண்டி நாட்டுக்குள் முறையாக நுழைந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்லும் தாள் சுங்கத் துறையிடமிருந்து வருவது. ஆகையால்தான் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வண்டி விதிகள், இறக்குமதியான வண்டியைப் பதிவு செய்ய வருவோர் சுங்கத் துறையின் அனுமதிச் சான்றையும் கொண்டுவர வேண்டுமென்று கூறுகின்றன. இராணுவம் கழித்த வண்டியானால் உரிய அதிகாரி தந்த விற்பனைச் சான்றின் மூலப் பிரதி வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ரசீது இல்லாத மூட்டைக்கு என்ன மதிப்போ, இத்தாள்கள் இல்லாத வெளிநாட்டு வண்டிக்கும் அதே மதிப்புத்தான்.

சுங்கம் என்பது வெள்ளையர் நமக்குக் கற்பித்தது என்று எண்ண வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கும் பொருளுக்கும் ஏற்றிச் செல்லும் பொருளுக்கும் சோழனுடைய புலி முத்திரையைப் பொறித்து அனுப்பிய அதிகாரிகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. புலி முத்திரை இல்லாத பொதி அந்நாளிலும் ஐயத்துக்குரிய பொதியே! சுங்க வரியை நீக்கியதால் முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று புகழப்பட்டான். தவிர்த்தவன் அரசன் என்பதை மறந்துவிடக் கூடாது. குடிமகன் தானாகத் தவிர்த்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

இனி அண்டை நாட்டு வண்டிக்கு வருவோம். பூட்டான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளிலும் நம்மைப்போலவே சாலையின் இடப்புறம் செல்கின்றனர். அங்குள்ள வண்டிகளுக்கு ஸ்டீயரிங் நம் வண்டிகளைப்போல் வலப்புறம் உண்டு. ஆதலால் அங்கிருந்து வந்த வண்டி நம் தெருவில் ஓடினால் பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. பூட்டான் நாட்டுக்காரர் தம் நாட்டு எண்ணோடு எல்லையைக் கடந்து நம் ஊர்களுக்கு வந்து திரும்புவது நாள்தோறும் நடப்பது. நம்மவர் காரோடு நேபாளம் சென்றால் எல்லையில் 'பன்சார்' என்னும் சுங்கச் சாவடியில் கட்டணம் செலுத்தி, இத்தனை நாள் என்று சீட்டுப் பெறவேண்டும். இவையெல்லாம் விருந்தாளி வண்டிகள். வந்த வண்டி குறித்த நாளில் திரும்பிவிடும்.

விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனாகவே தங்கிவிட எண்ணினால்தான் சட்டம் கடுமையாகின்றது. பழைய காரை இறக்குமதி செய்ய நம் அரசாங்கம் வகுத்துள்ள நிபந்தனைகளைக் கேளுங்கள். வண்டி செய்யப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருத்தல் கூடாது. ஸ்டீயரிங் வலப்புறம் இருத்தல் வேண்டும். வேகங்காட்டி கிலோமீட்டரில் இருத்தல் வேண்டும். இன்னும் ஐந்து ஆண்டுகளேனும் சாலையில் ஓடும் தகுதி இருத்தல் வேண்டும். அதுவும் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாகவே வந்திறங்க வேண்டும். இத்தனைக்கும் மேலாகச் சுங்க வரி. அது வண்டியின் விலையையே விஞ்சிவிடும். வெளிநாட்டில் பல்லாண்டு வாழ்ந்து நிலையாகத் தாயகம் திரும்புவோருக்குச் சில சலுகைகள் உண்டு. ஆனால் அவர்களும் காருக்குரிய வரியைக் கட்டியாக வேண்டும்.

"பூட்டானோடு நமக்கு வரியில்லா வாணிகம் உண்டே?" என்று படித்த இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அந்த உடன்படிக்கை பூட்டானில் விளைந்த பொருளுக்கும் அங்கே செய்யப்பட்ட பொருளுக்கும் உரியது. ஜப்பானில் பிறந்து பூட்டானில் சில ஆண்டு குடியிருந்த காரை அது தழுவாது. மலையேறிப் பன்னிரண்டு ஆண்டு உழைத்துக் கழிந்த வண்டி, தரைவழியே நம் எல்லைக்குள் வந்து நம் குடும்ப வண்டியாக மாறுவதற்குச் சட்டத்தில் வழியே இல்லை. வந்திருக்குமானால் அது திருட்டு வழியாகத்தான் வந்திருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் அன்றே விளக்கமாக அறிந்திருந்தேன் என்று பெருமை பேச மாட்டேன். ஆர்.சி. மட்டும் போதாது, ஏதோ ஒரு தாள் குறைகின்றது என்பது மட்டும் தெரிந்தது. வீடு திரும்பும் வழியில் நண்பரிடம், "தம்பி, முன்பணம் போனாலும் போகட்டும், மீதியைக் கொடுக்காதீர்கள்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் என்பது அவருடைய ஒரு மாதச் சம்பளத்திற்கும் மேல். என் வீட்டு வாயிலில் நின்றிருந்த காரைச் சுட்டிக்காட்டி அவர் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கின்றது. "அண்ணா! உங்கள் வண்டியில் இருப்பது எந்த மாநிலத்து எண்? நான்கு ஆண்டுகளாக இதே வாயிலில் நிற்கிறதே, அது விருந்தாளியா, வீட்டுக்காரனா? உங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

அதற்கு என்னிடம் விடை இல்லை. அந்தக் கார் என் மாமனாருடையது. கண் பார்வை குன்றியதால் 2021இல் அவர் எனக்குக் கொடுத்தார். தமிழ்நாட்டு எண்ணோடு ஓட்டி வந்து இங்கே நிறுத்தினேன். "அடுத்த மாதம் மாற்றலாம்" என்று நான்கு ஆண்டுகள் கழிந்தன. போக்குவரத்துத் துறையினர் சோதனை செய்யும் சாலைகளைத் தவிர்த்துச் செல்லவும், யாரேனும் கேட்டால் "நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்தேன்" என்று சொல்லவும் கற்றிருந்தேன். ஒருமுறை என் இளைய மகன் பக்கத்தில் இருக்கும்போதே அப்பொய்யைச் சொன்னேன். அலுவலகத்தில் பிறருடைய சீட்டில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் திருப்பி அனுப்பும் நான், என் சீட்டைப் பார்க்கவே இல்லை!

நண்பர் கடன் மனுவில் என் கையெழுத்தைக் கேட்கவில்லை. ஒரு மாத காலம் எங்கள் இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தபோது அவர் மீதிப் பணத்தைக் கொடுக்கவுமில்லை. அவருடைய துணைவியார், "சுங்கத் தாளைக் காட்டினால் பணம், இல்லையேல் இல்லை" என்று தரகரிடம் உறுதியாகக் கூறிவிட்டாராம். தாய்மார்களே, அக்குடும்பத்தைக் காத்தது என் அறிவுரை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அம்மையாரின் ஒரு சொல்லே காத்தது. தரகர் தாளைக் காட்டவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தரவுமில்லை. சில நாட்களில் வண்டி அவ்விடத்தில் இல்லை.

பிறகு 2025 செப்டம்பர் 23ஆம் நாள் வந்தது. அன்று கொச்சியிலுள்ள சுங்கத் துறையினர் கேரளத்தில் பல இடங்களில் ஒரே வேளையில் சோதனை நடத்தினர். அச்சோதனைக்கு அவர்கள் இட்ட பெயர் 'நும்கோர்'. பூட்டான் மொழியில் வண்டி என்பது அதன் பொருள். பூட்டானில் இராணுவமும் பிறரும் கழித்து ஏலம் விட்ட வண்டிகளை மலிவாக வாங்கி, எல்லை கடத்திக் கொண்டுவந்து, நம் இராணுவத்தின் பெயராலும் தூதரகங்களின் பெயராலும் பொய்த் தாள்கள் உண்டாக்கி, இமாசலம், அருணாசலம் முதலிய மாநிலங்களில் பதிவு பெற்று, பின்னர் தெற்கே கொண்டுவந்து விற்றனர் என்பது சுங்கத் துறையினர் அப்போது கூறிய குற்றச்சாட்டு. முதல் நாளிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் கைப்பற்றப்பட்டன. புகழ்பெற்ற திரைப்பட நடிகர்களின் இல்லங்களிலும் சோதனை நடந்தது. பொதுமக்கள் நம்பிப் பார்க்கும் பரிவாகன் இணையப் பதிவிலேயே தகவல்கள் திரிக்கப்பட்டன என்றும் அத்துறையினர் கூறினர்.

குற்றம் யாருடையது என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை அன்று. நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் கடத்தப்பட்ட பொருளைப் பின்தொடர்ந்து வருகின்றது. அப்பொருள் மூன்று கை மாறி, நான்காம் கையாக, ஒன்றும் அறியாத ஒருவர் வாயிலில் நின்றாலும் அதனைக் கைப்பற்ற அதிகாரம் உண்டு. நடிகருக்கு வக்கீல் வைத்து உயர் நீதிமன்றம் செல்ல வசதி உண்டு. மகளின் கல்லூரிப் பணத்தைக் கொடுத்து வாங்கிய தொழிலாளிக்கு என்ன உண்டு? வண்டியும் இல்லை, பணமும் இல்லை, தரகரின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும்!

அந்தச் செய்தி வந்த இரவு நண்பர் என் வீட்டுக்கு வந்தார். நாளிதழை மேசைமேல் வைத்தார். பூட்டான் எழுத்தின் மாதிரி ஒன்றை அவருடைய மகள் கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டினாள். கதவின் உட்புறத்தில் நான் கண்ட எழுத்தின் சாயல் அதில் இருந்தது. ஆயினும் அவ்வண்டி பூட்டானிலிருந்துதான் வந்தது என்று நான் இன்றும் உறுதி கூற மாட்டேன். அது இப்போது யாருடைய வாயிலில் நிற்கின்றதோ, அதையும் அறியேன். நண்பர் காப்பி அருந்திவிட்டு எழும்போது, "அண்ணா, உங்கள் வண்டி?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே நான் விடுப்பு எடுத்தேன். வெளிமாநிலத்து வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படுமென்று நடந்த முறையைக் கூறுகின்றேன். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால் அங்கே புதிய எண் பெறவேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறுகின்றது. முதலில் பழைய அலுவலகத்தில் 28ஆம் படிவம் கொடுத்துத் தடையின்மைச் சான்று பெறவேண்டும். வண்டியின்மேல் கடன் இருந்தால் வங்கியின் இசைவுக் கடிதம் வேண்டும். பிறகு இங்கே நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 27ஆம் படிவம் கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சைக் கொடுத்து, கர்நாடகத்தின் ஆயுட்கால வரியைச் செலுத்த வேண்டும். வண்டியின் வயதைக் கருதி வரி குறையும். தமிழ்நாட்டில் முன்பு கட்டிய ஆயுட்கால வரியில் எஞ்சிய காலத்துக்கு உரிய பகுதியைத் திருப்பித் தருமாறு அங்கே மனுச் செய்துகொள்ளலாம். இறுதியாக, இன்சூரன்ஸ் பத்திரத்திலும் புதிய எண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

பெயர் மாற்றமும் சேர்ந்துகொண்டதால் எனக்குப் பல நாள் அலைச்சல். காலம் தாழ்த்தியதற்கு அபராதமும் கட்டினேன். என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த பணம் முழுவதும் அதில் சென்றது. அவர் சொன்னது: "நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டியிருந்தால் அபராதமாவது மிஞ்சியிருக்கும்." உண்மைதானே!

"ஏழை எளியவரைத்தான் பிடிக்கின்றார்கள், பெரிய மனிதரை விட்டுவிடுகின்றார்கள்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. இவ்வூரில் 2025ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். வெளிமாநிலத்து எண்ணோடு இங்கே ஓடிய விலையுயர்ந்த கார்கள் பலவற்றைப் போக்குவரத்துத் துறையினர் கைப்பற்றினர். அவ்வாண்டு ஜூலையில், மராட்டிய மாநிலத்து எண் கொண்ட பெராரி கார் ஒன்றுக்காக ஜயநகர் வட்டார அலுவலகத்தில் ஒரே நாளில் 1 கோடியே 41 இலட்சம் ரூபாய்க்கு மேல் வரி கட்டப்பட்டது. அந்தத் தொகையில் நம் காலனியில் உள்ள அத்தனை வண்டிகளையும் வாங்கிவிடலாம்!

அரசாங்கமும் எல்லை மீறுதல் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிமாநிலத்து வண்டி 30 நாட்களுக்கு மேல் இங்கிருந்தாலே ஆயுட்கால வரி கட்ட வேண்டுமென்று கர்நாடக அரசு 2014இல் சட்டத்தைத் திருத்திற்று. பொதுமக்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2016இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அத்திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் தவறென்று கருதினால் நீதிமன்றம் செல்வது குடிமகனின் உரிமை. மறைவாக வேறு சாலையில் ஓடுவது உரிமை ஆகாது. மேலும், அடிக்கடி மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகும் அரசு ஊழியர்களுக்கென்று 2021ஆம் ஆண்டில் 'பாரத்' வரிசை எண் கொண்டுவரப்பட்டது. இரயில்வே ஊழியர்களாகிய நாமும் அதற்கு உரியவர்களே. புதிய வண்டி வாங்குவோர் அதனைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இனி, பழைய வண்டி வாங்க விரும்பும் அன்பர்களுக்கு ஓர் எழுத்தர் கூறும் யோசனைகள் சில.

ஒன்று: வண்டி செய்யப்பட்ட ஆண்டையும் முதன்முதல் பதிவான ஆண்டையும் ஒப்பிடுங்கள். இடையே பல ஆண்டுகள் இருந்தால், அக்காலத்தில் வண்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

இரண்டு: சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். தரகர் வாசிக்க நீங்கள் கேட்பது பயனில்லை.

மூன்று: வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த வண்டியென்றால் சுங்க அனுமதித் தாளும் வரி கட்டிய ரசீதும் கேளுங்கள். இராணுவ வண்டியென்றால் விற்பனைச் சான்றின் மூலப் பிரதியைக் கேளுங்கள்.

நான்கு: இணையத்தில் பார்த்தது மட்டும் போதாது. முதலில் பதிவு செய்த அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். தடையின்மைச் சான்று கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

ஐந்து: "வெள்ளிக்கிழமைக்குள்" என்று அவசரப்படுத்துபவரிடம் எந்த வெள்ளிக்கிழமையிலும் வாங்காதீர்கள்.

பெரியோர்களே! நம் தந்தையரும் பாட்டன்மாரும் பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்தனர். இவ்வூர்ச் சாலையில் நடந்து, இவ்வூர்த் தண்ணீரைக் குடித்து, நாம் வளர்ந்தோம். நம் பிள்ளைகள் தமிழோடு கன்னடமும் பேசுகின்றனர். குடும்ப அட்டையும் வாக்காளர் பட்டியலும் இவ்வூரில் வேண்டுமென்று வரிசையில் நின்று பெற்றுக்கொண்ட நாம், வரி என்று வரும்போது மட்டும் "நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்தேன்" என்று சொல்லலாமா? பக்கத்து வீட்டுக் கன்னட அன்பர் அவ்வரியைக் கட்டிவிட்டுத்தானே நம்மோடு அதே சாலையில் வருகின்றார்?

இந்தக் கதையைச் சொல்ல என் நண்பர் அனுமதி தந்தார். அவர் இவ்வரங்கில்தான் அமர்ந்திருக்கின்றார். அவருடைய மூத்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கின்றாள். போன ஐம்பதாயிரம் போனதுதான். அவர் என்னிடம் கேட்ட கேள்விக்காக நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கின்றேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படிவம் நிரப்பத் தெரியாமையினாலும், கன்னடத்தில் எழுதத் தயங்குவதாலும் வண்டியின் பதிவை மாற்றாமலிருப்போர் நம்மிடையே சிலர் இருக்கின்றனர். ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை நம் சங்க நூலகத்தில் படிவங்களோடு நான் அமர்ந்திருப்பேன். ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸ் பத்திரத்தையும் எடுத்து வாருங்கள். கட்டணம் ஏதுமில்லை. சீட்டையும் மூட்டையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பழகிய தொழில்.